இழைமணியும் அதன் கத்தரி நொதிகளும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

எங்கள் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு ஜவ்வாது மலையின் ஊர்களிலிருந்து வரும் குடும்பங்கள் சில, ஒரே மாதிரியான கதையைச் சொல்கின்றன. எவரையும் அடையாளம் காட்டாதிருக்கும் பொருட்டு, பல குடும்பங்களின் அனுபவத்தை ஒன்றாகச் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அதுவரை மலைப்பாதையில் ஆடுகளுக்குப் பின்னால் ஓடியவன். ஓராண்டாக நடை தள்ளாடுகிறது. இருட்டினால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடிவதில்லை. எழுத்து கோணுகிறது, பேச்சு குழறுகிறது. பள்ளியில் "சாராயம் குடிச்சவன் மாதிரி நடக்கிறான்" என்று கேலி செய்கிறார்கள். முதலில் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள், பிறகு மந்திரிக்கிறார்கள், பிறகு போளூருக்கோ திருப்பத்தூருக்கோ பேருந்து ஏறுகிறார்கள். எங்களிடம் வந்து சேரும்போது இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

அறைக்குள் வந்ததும் தகப்பனார் கேட்பார்: "ஐயா, எங்க ரெண்டு பேரு வீட்டுலயும் இப்படி யாருக்கும் வந்ததில்லையே?" அந்தத் தாய் எதுவும் கேட்பதில்லை. 'உன் வயித்துல வந்த குறை' என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். தனியே பேசும்போதுதான் அது வெளிவரும்.

இந்தக் கட்டுரை அந்த இருவருக்காகவும் எழுதப்படுகிறது. தகப்பனாரின் கேள்விக்கு விடை உண்டு. தாயின்மேல் சுமத்தப்பட்ட பழிக்கும் விடை உண்டு. இரண்டு விடைகளும் நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் மிகச் சிறிய ஓர் உறுப்பிலிருந்து தொடங்குகின்றன.

இழைமணி என்பது யாது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்துத் தரும் சிறு உறுப்புகள் உள்ளன. அவற்றை இழைமணிகள் என்கிறோம். மருத்துவ அறிக்கைகளில் மைட்டோகாண்ட்ரியா என்று எழுதப்பட்டிருக்கும். ஓர் உயிரணுவில் இவை நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். முதிர்ந்த சிவப்பு இரத்த அணுக்களில் மட்டும் இவை இல்லை.

ஓயாமல் உழைக்கும் உறுப்புகளுக்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும். மூளை, நரம்பு, இதயம், தசை, கண், காது ஆகியவை அத்தகையவை. அதனால்தான் இழைமணியில் குறை ஏற்பட்டால் இவ்வுறுப்புகளே முதலில் தளர்கின்றன. நடை தள்ளாடும் பிள்ளைக்கு நாங்கள் ஏன் இதயத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதிக்கச் சொல்கிறோம் என்று பலர் வியக்கிறார்கள். காரணம் இதுவே.

வேலைக்காரர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள்

இழைமணிக்கென்று தனியே ஒரு சிறிய மரபுப்பொருள் உண்டு. அதில் 37 மரபணுக்கள் மட்டுமே இருக்கின்றன; அவற்றில் 13 மட்டுமே புரதம் உண்டாக்கும் குறிப்புகளைக் கொண்டவை. ஆனால் இழைமணி இயங்குவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் தேவை. ஏனையவை எங்கிருந்து வருகின்றன? உயிரணுவின் உட்கருவில் இருக்கும் மரபணுக்களின் குறிப்புப்படி, இழைமணிக்கு வெளியே செய்யப்பட்டு, பிறகு உள்ளே அனுப்பப்படுகின்றன.

உட்கருவின் மரபணுக்களைத் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக நாம் பெறுகிறோம். இழைமணியின் அந்த 37 மரபணுக்கள் மட்டுமே தாய் வழியாக வருபவை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்குத் திரும்ப வருவோம்.

வெளியே செய்யப்படும் புரதம் இழைமணியை எவ்வாறு கண்டடைகிறது? அத்தகைய புரதங்கள் பலவற்றின் தலைப்பில் ஒரு சிறு துண்டு கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அதுவே முகவரிச் சீட்டு. புரதங்கள் தம் இருப்பிடத்தைத் தம்மோடு எழுதிக்கொண்டே செல்கின்றன என்னும் உண்மையைக் கண்டறிந்தமைக்காக குந்தர் புளோபெல் என்னும் அறிவியலாளருக்கு 1999-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இழைமணிக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் ஒரு வாயில், உட்சவ்வில் ஒரு வாயில். முகவரிச் சீட்டைக் காட்டிய புரதம் நூல் போல நீண்டு இரு வாயில்களையும் கடந்து உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே வந்த பின் அந்தச் சீட்டுக்கு வேலை இல்லை. அதை நீக்கியாக வேண்டும். அதை நீக்கும் நொதிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

சாமையும் உமியும்

நம் மலையில் விளையும் சாமையைக் கொண்டு இதை எளிதில் விளக்கலாம். அறுத்து அடித்த சாமைக்கு உமி வேண்டும். உமி இருக்கும்வரை தானியம் கெடாமல் குதிரில் இருக்கும், மூட்டையில் பயணம் செய்யும். ஆனால் சமைக்க வேண்டுமென்றால் உமியை நீக்க வேண்டும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமியை அப்புறப்படுத்திய பின்னரே அது அரிசியாகும். உமியோடு உலையிலிட்டால் உண்ண முடியாது. புடைத்த உமியை வீட்டுக்குள்ளேயே விட்டுவைத்தால் அடுத்த வேலைக்கு இடமிராது.

இழைமணிக்குள்ளும் இந்த மூன்று வேலைகளும் நடக்கின்றன.

முதல் வேலை, முகவரிச் சீட்டை வெட்டி எடுப்பது. இதைச் செய்யும் தலைமை நொதியை இழைமணிப் பதப்படுத்தும் நொதி எனலாம். ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு பாதிகள் சேர்ந்தது இது. ஆல்ஃபா பாதி சீட்டை இனங்கண்டு பிடித்துக்கொள்ள உதவுகிறது. துத்தநாக அணுவைத் தன்னிடத்தே கொண்ட பீட்டா பாதி வெட்டுகிறது. ஒரு பாதி இல்லாமல் மற்றொரு பாதியால் பயனில்லை. 1980-களின் இறுதியில் ஜெர்மனியில் வால்டர் நாய்பெர்ட் குழுவினர் ரொட்டியில் வளரும் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து இந்நொதியைப் பிரித்தெடுத்தனர். பூஞ்சையில் கண்ட அதே அமைப்பு மனிதரிடத்தும் உள்ளது.

இரண்டாவது வேலை, சில புரதங்களில் இன்னும் சிறிது செதுக்குவது. முதல் வெட்டுக்குப் பிறகு எட்டு அமினோ அமிலங்கள் நீளமுள்ள சிறு துண்டை நீக்கும் நொதி ஒன்று உண்டு. சாமையை ஒருமுறை குத்திய பின் தவிடு போக மறுமுறை தீட்டுவது போன்றது இது.

மூன்றாவது வேலை, வெட்டிய துண்டுகளை நொறுக்கி அழிப்பது. முகவரிச் சீட்டுகள் உள்ளே குவிந்தால் அவை சவ்வுகளுக்கே தீங்கு செய்யக்கூடியவை. அவற்றைத் துண்டாடத் தனி நொதி இருக்கிறது.

நொதி பழுதானால் என்ன நேரும்?

இந்நொதிகளின் மரபணுக்களில் பிழை இருந்து நோய் வருவது உலகெங்கிலும் மிக அரிது. இருப்பினும் சென்ற சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அவை இனங்காணப்பட்டுள்ளன.

தலைமை நொதியின் ஆல்ஃபா பாதிக்கான மரபணுவின் பெயர் பி.எம்.பி.சி.ஏ. அதில் உள்ள பிழையால் சிறுவயதிலேயே நடைத் தள்ளாட்டம் உண்டாவதை 2015-ஆம் ஆண்டு லெபனான் நாட்டுக் குடும்பங்களில் கண்டறிந்தனர். உறவுக்குள் மணம் செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். ஆறுதலான ஒரு செய்தியும் அந்த ஆய்வில் இருந்தது: அக்குடும்பங்களில் தள்ளாட்டம் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகவில்லை. அதே மரபணுவின் வேறு பிழைகள் கடுமையான நோயைத் தருவதும் பின்னர் அறியப்பட்டது. பீட்டா பாதியில் பிழை கொண்ட சில குழந்தைகளைப் பற்றி 2018-இல் எழுதினார்கள். அவர்களுக்கு மழலைப் பருவத்திலேயே மூளை நரம்புகள் சிதையத் தொடங்கியிருந்தன.

இரண்டாம் வேலையைச் செய்யும் நொதியின் குறை, இதயத் தசையையும் குழந்தையின் வளர்ச்சியையும் பாதிப்பதாக 2016-இல் அறிந்தனர். மூன்றாம் வேலையின் நொதியில் குறை இருந்த நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றைப் பற்றிய செய்தியும் அதே ஆண்டில் வந்தது. அவர்களுக்கு நடைத் தள்ளாட்டமும் நினைவாற்றல் குறைவும் மெல்ல மெல்ல வந்தன.

இவற்றை ஏன் இங்கே சொல்கிறோம்? பரிசோதனை அறிக்கையில் இதுபோன்ற பெயர் ஒன்று அச்சாகி வந்தால் நீங்கள் திகைக்க வேண்டாம் என்பதற்காக. அறிக்கையில் பெயர் ஒன்று இருப்பதாலேயே நோய் உறுதியாவதில்லை. ஒரே மரபணுவிலும் ஒரு பிழை லேசான நோயைத் தரும், மற்றொன்று கடும் நோயைத் தரும், வேறொன்று எதையுமே தராது. உங்கள் பிள்ளையின் உடல்நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அறிக்கைக்குப் பொருள் கிடைக்கும். கைப்பேசியில் தேடிப் பார்த்து இரவெல்லாம் அழ வேண்டாம்; அறிக்கையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.

இதே பாதையில் வரும் மற்றொரு நோய்: ஃபிரீட்ரைக் அட்டாக்சியா

நடைத் தள்ளாட்டத்துடன் வரும் பிள்ளைகளிடம் மேற்சொன்ன நொதிக் குறைகளைவிட நாங்கள் முதலில் தேடுவது வேறொன்று. 1863-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நிகோலாஸ் ஃபிரீட்ரைக் என்னும் மருத்துவர் விவரித்த நோய் அது. பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே தொடங்கும். நடை தள்ளாடும், முழங்காலைத் தட்டினால் எழ வேண்டிய அனிச்சைத் துடிப்பு எழாது, பேச்சு குழறும், முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும், பாதம் வில்லாக வளையும். இதயத் தசை தடிக்கலாம். சிலருக்கு நீரிழிவும் வரும்.

இதற்குக் காரணமான மரபணு 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கும் அம்மரபணு ஃபிராட்டாக்சின் என்னும் புரதத்துக்கு உரியது. இந்தப் புரதமும் முகவரிச் சீட்டோடு இழைமணிக்குள் நுழைவதே. செய்யப்படும்போது அதன் நீளம் 210 அமினோ அமிலங்கள். உள்ளே வந்ததும் நாம் மேலே சொன்ன அதே தலைமை நொதி அதை இரு முறை வெட்டுகிறது. இறுதியில் 130 அமினோ அமிலங்கள் நீளமுள்ள முதிர்ந்த புரதம் கிடைக்கிறது. இரும்பையும் கந்தகத்தையும் இணைத்து ஆற்றல் உற்பத்திக்கு வேண்டிய சிறு அமைப்புகளைக் கட்டுவதில் அது துணைபுரிகிறது.

ஃபிரீட்ரைக் நோயில் வெட்டும் நொதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் மரபணுவுக்குள் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்து அம்மரபணுவை அடைத்துவிடுவதால், புரதம் போதிய அளவு செய்யப்படுவதில்லை. உரல் இருக்கிறது, உலக்கை இருக்கிறது, களத்துக்கு வரும் சாமைதான் குறைவு. பி.எம்.பி.சி.ஏ. குறையிலோ சாமை வருகிறது, உலக்கை பழுது. லெபனான் குடும்பங்களின் உயிரணுக்களை ஆராய்ந்தபோது ஃபிராட்டாக்சின் சரிவர வெட்டப்படாமல் இருந்ததைக் கண்டார்கள். இரு வேறு காரணங்கள் ஒரே பாதையில் வந்து சேர்வதால், இரு நோய்களும் தள்ளாட்டமாகவே வெளிப்படுகின்றன.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இக்காலத்தில் பல ஆயிரம் மரபணுக்களை ஒரே சமயத்தில் வாசிக்கும் எக்ஸோம் பரிசோதனை பரவலாகச் செய்யப்படுகிறது. ஃபிரீட்ரைக் நோயின் அந்த மூன்றெழுத்து நீட்சியை வழக்கமான எக்ஸோம் பரிசோதனை நம்பகமாகக் காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை செய்ய வேண்டும். 'பெரிய டெஸ்ட் எடுத்துட்டோம், ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு' என்று சொல்லி வரும் குடும்பங்களிடம் நாங்கள் மீண்டும் இரத்தம் கேட்பது இதனால்தான்.

மரபணுப் பரிசோதனைக்கு முன்னே

தள்ளாட்டம் எல்லாமே தீர்க்க முடியாதது என்று எண்ணிவிடக் கூடாது. உயிர்ச்சத்து ஈ குறைபாட்டால் வரும் மரபுவழித் தள்ளாட்டம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அப்படியே ஃபிரீட்ரைக் நோய் போலிருக்கும். ஆனால் அதிக அளவில் உயிர்ச்சத்து ஈ கொடுத்துவந்தால் நோயின் போக்கை நிறுத்த முடியும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பி12 உயிர்ச்சத்துக் குறைவும், தைராய்டு சுரப்புக் குறைவும் இவ்வாறே சரிசெய்யத் தக்கவை. எனவேதான் விலை மிகுந்த பரிசோதனைகளுக்கு முன்பே எளிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்கிறோம். இரண்டாண்டு தாமதம் இங்கேதான் பெரும் இழப்பாகிறது. நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் நேர்த்திக்கடனை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதே வாரத்தில் மருத்துவரிடமும் வாருங்கள் என்கிறோம்.

இவற்றோடு இரத்தத்தில் லாக்டேட் அளவு, எம்.ஆர்.ஐ. படம், இ.சி.ஜி., எக்கோ, சர்க்கரை, கண், காது பரிசோதனைகள் தேவைக்கேற்பச் செய்யப்படும். எல்லாம் ஒரே நாளில் முடியும்படி ஏற்பாடு செய்ய முயல்கிறோம். ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி வந்து திரும்புவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை நாங்கள் அறிவோம்.

யார் மேல் குற்றம்?

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். இரு குடும்பங்களிலும் யாருக்கும் இல்லாத நோய் பிள்ளைக்கு எவ்வாறு வந்தது?

ஒவ்வோர் உட்கரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது என்றோம். வீட்டில் இரண்டு உலக்கைகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் மற்றொன்றால் குத்திக்கொள்ளலாம். குறை வெளியே தெரியாது. ஒரு படியில் மட்டும் பிழை உள்ளவர்கள் நோயின்றி வாழ்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் அவர்களுக்கு முன்னோரும் அப்படியே வாழ்ந்து போயிருக்கலாம். கணவன் மனைவி இருவரிடமும் அதே மரபணுவில் பழுதான படி ஒன்று இருந்து, பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் அந்தப் பழுதான படியே போய்ச் சேர்ந்தால் மட்டுமே நோய் வெளிப்படும்.

ஆகவே இக்கட்டுரையில் சொன்ன நொதிக் குறைகளிலும் ஃபிரீட்ரைக் நோயிலும் தாயின் பங்கு பாதி, தந்தையின் பங்கு பாதி. 'இழைமணி நோய் என்றால் தாய்வழி நோய்' என்று எங்கோ கேட்டுவிட்டுச் சிலர் அதையே தாயின்மேல் பழியாகச் சொல்கிறார்கள். அது அந்த 37 மரபணுக்களால் வரும் நோய்களுக்கு மட்டுமே பொருந்தும். அவற்றிலும் தாய் செய்த தவறு என்று எதுவும் இல்லை. கருவுற்றிருந்தபோது அவர் உண்டதோ, கிரகணத்தில் வெளியே வந்ததோ, சுமை தூக்கியதோ, தெய்வக் குற்றமோ, செய்வினையோ இதற்குக் காரணம் அல்ல. கண்ணின் நிறத்தையோ மூக்கின் வடிவத்தையோ யாரும் தேர்ந்தெடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, இதுவும் அப்படியே.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என உறவுக்குள் மணம் செய்வது நம் மலையில் மட்டும் உள்ள வழக்கமன்று. தமிழ்நாடு முழுவதிலும் உண்டு. உறவுக்குள் மணந்தோரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே பழுதான படி இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல். உறவல்லாதோர் மணத்திலும் இந்நோய்கள் வரலாம். எனவே நடந்த திருமணத்தைப் பழிப்பதில் பயனில்லை. குடும்பத்தில் நோய் உறுதியான பின், அடுத்த தலைமுறையின் திருமணப் பேச்சுக்கு முன்னர் மரபணு ஆலோசனைக்கு வருவதில் பயன் உண்டு.

அடுத்த குழந்தை?

பெற்றோர் இருவரும் பழுதான படியைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நோயின்றி ஒரு பழுதான படியைச் சுமக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பழுதே இல்லாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது' என்று கணக்கிடுவது தவறு. இரண்டு நாணயங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டுவது போன்றது இது. முன்பு விழுந்தது அடுத்த சுண்டலுக்கு நினைவில் இருப்பதில்லை.

முதல் பிள்ளையின் மரபணுப் பிழை சரியாகத் தெரிந்திருந்தால் அடுத்த கருவிலேயே அதைப் பரிசோதிக்க முடியும். பரிசோதனையின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். ஆகவே கருவுற்ற பின் வருவதைவிட, அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணும்போதே வருவது நல்லது. பரிசோதனை செய்துகொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் முடிவு. நாங்கள் விவரங்களை மட்டுமே தருவோம்.

மருந்து உண்டா?

ஒளிவின்றிச் சொல்கிறோம். வெட்டும் நொதிகளின் குறையை நீக்கும் மருந்து இன்று இல்லை. ஃபிரீட்ரைக் நோய்க்கு ஒமாவெலோக்சலோன் என்னும் மருந்தை, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக, 2023 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. அது நோயின் வேகத்தைக் குறைக்க உதவுவது, நோயை நீக்குவதன்று. கோஎன்சைம் கியூ10, சில உயிர்ச்சத்துகள் ஆகியவற்றைச் சிலருக்குப் பரிந்துரைக்கிறோம். எல்லோருக்கும் அவற்றால் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

'ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பான்' என்று எவரேனும் சொன்னால், நிலத்தை அடகு வைப்பதற்கு முன், ஆடுகளை விற்பதற்கு முன், எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்நோய்களை அவ்வாறு குணப்படுத்தும் சிகிச்சை எதுவும் இன்று நிறுவப்படவில்லை. அந்தப் பணம் பிள்ளையின் படிப்புக்கும் சத்தான உணவுக்கும் வேண்டும்.

மருந்து இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. பிள்ளையின் வாழ்வை நல்வழிப்படுத்துபவை கீழ்க்கண்ட எளிய செயல்களே.

இயன்முறைப் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். நிற்றல், சமன், மூச்சு, கை நுணுக்கம் ஆகியவற்றுக்கான பயிற்சிகளை எங்கள் இயன்முறை மருத்துவர் கற்றுத் தருவார். வீட்டிலேயே செய்யலாம், களைத்துப் போகும்வரை செய்ய வேண்டாம்.

வாசற்படி, கழிப்பறை, கிணற்றடி ஆகிய இடங்களில் பிடிமானத்துக்கு மூங்கிலோ கம்பியோ பொருத்துங்கள். இருட்டில் தள்ளாட்டம் கூடும் என்பதால் இரவில் சிறு விளக்கு எரியட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது இதயம், சர்க்கரை, முதுகெலும்பு, கண், காது ஆகியவற்றைப் பரிசோதிக்க அழைத்து வாருங்கள். மூச்சுத் திணறல், மார்பு படபடப்பு, மயக்கம் வந்தால் காத்திராமல் வாருங்கள்.

இழைமணிக் குறைபாடுள்ள பிள்ளைகளை நெடுநேரம் பட்டினி கிடக்க விடாதீர்கள், விரதம் வேண்டாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உணவு இறங்கவில்லையென்றால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இத்தகைய நாட்களில்தான் ஆற்றல் கையிருப்பு தீர்ந்து உடல்நிலை திடீரெனச் சரியக்கூடும்.

எந்த மருத்துவரிடம் சென்றாலும் எங்கள் சீட்டைக் காட்டுங்கள். வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் சிலவகை இழைமணி நோய்களில் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும். தாய்வழி உறவினரில் எவருக்கேனும் ஊசி போட்ட பின் காது கேளாமற் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் அத்தகையோரின் செவித்திறனைப் பறிக்கக்கூடும். அதே சமயம், எங்களைக் கேளாமல் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பள்ளியை நிறுத்தாதீர்கள். தள்ளாட்டம் சிறுமூளையிலும் நரம்புகளிலும் உள்ள சிக்கல். ஃபிரீட்ரைக் நோயுள்ள பிள்ளைகளுக்குப் படித்து அறியும் திறன் பெரும்பாலும் குறைவதில்லை. முன் வரிசையில் இடம், எழுதக் கூடுதல் நேரம், தேர்வில் எழுத உதவியாளர் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். தலைமை ஆசிரியருக்குத் தேவையான கடிதத்தை நாங்கள் தருவோம். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் எங்கள் சமூகப்பணியாளர் உதவுவார்.

எங்கே தொடர்பு கொள்வது?

மரபணுப் பரிசோதனைக்கான மாதிரிகளை வெளியூர் ஆய்வகங்களுக்கு அனுப்புகிறோம். ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் ஆகியவை இழைமணி நோய்களில் நீண்ட காலமாக ஆய்வு செய்துவரும் அரசு நிறுவனங்கள். தேவைப்படும் குடும்பங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறோம். நடுவண் அரசு 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டுள்ளது. எல்லா நோய்களும் அதன் உதவிப் பட்டியலில் இல்லை. உங்கள் பிள்ளையின் நோய் உறுதியான பின் அதில் இடமுண்டா என்று நாங்களே பார்த்துச் சொல்வோம்.

காவலூர் வானாய்வகத்தின் பெருந்தொலைநோக்கி நம் மலையில் இருந்தபடி கண்ணுக்கெட்டாத விண்மீன்களைப் பார்க்கிறது. அதைக் கண்டு வந்த பிள்ளைகள் பலர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒன்றையும் அதுபோலவே பார்த்தறிந்துதான், பிள்ளையின் தள்ளாட்டத்துக்கு யாருடைய பாவமும் காரணமல்ல என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அடுத்த முறை வரும்போது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாருங்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்து வாருங்கள். வீட்டில் யார் பழி சொல்கிறாரோ அவரும் எங்கள் எதிரே அமர்ந்து இந்த விளக்கத்தைக் கேட்கட்டும். அன்று கூடுதல் நேரம் ஒதுக்கி வைத்திருப்போம்.